ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ரவை கொட்டினமாதிரி புள்ளி: எந்த போன் கேமரா நல்லது, எப்படிச் சரி செய்வது?

1. தறிநாடா

ஹாலில் ஒரே ஒரு 20 வாட் எல்இடி ட்யூப்லைட். குழந்தை உட்கார்ந்திருக்கிற இடம் லைட்டிலிருந்து சுமார் 3 மீட்டர். அதே இடத்தில் ரெண்டு போனில் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ரெண்டுமே பட்ஜெட் ரகம். பெயர் வேண்டாம், பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும். அ போன் 108 மெகாபிக்சல், ஆ போன் 50.

அ-வில் சுவர் முழுக்க ரவை கொட்டினமாதிரி இருக்கு, நிழல் பக்கம் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு. ஆ-வில் சுவர் பளிங்கு, ஆனால் குழந்தை முகம் மெழுகு பொம்மை, புருவம் மையால் இழுத்த ஒரே கோடு.

கேலரியில் 'விவரம்' தட்டினால் வருவது இது:
அ: எஃப்/1.75, 5.3 மிமீ, 1/25 நொடி, ஐஎஸ்ஓ 2500
ஆ: எஃப்/1.8, 4.7 மிமீ, 1/10 நொடி, ஐஎஸ்ஓ 1060

எது நல்ல கேமரா? புள்ளியை எப்படிக் குறைப்பது? 108 மெகாபிக்சல் மோடில் வைத்தால் இன்னும் மோசமாவது ஏன்?

2. கருவிழி

எக்ஸிஃப் விவரத்தோடு (படத்தோடு பதிவாகிற கேமரா விவரம்) கேட்டதற்கு நன்றி. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

மிமீ எண்ணை (லென்ஸின் குவியத் தூரம்) எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். வெளிச்சம் உள்ளே போகிற துளையின் விட்டம் கிடைக்கும். அ: 5.3 ÷ 1.75 = 3.0 மிமீ. ஆ: 4.7 ÷ 1.8 = 2.6 மிமீ. ரெண்டு போனும் கிட்டத்தட்ட ஒரே அகலக் காட்சியைக் காட்டுகின்றன என்றால், ஒரு நொடியில் அந்தக் காட்சியிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது இந்தத் துளையின் பரப்பு. விட்டத்தின் வர்க்கத்தை ஒப்பிட்டால் அ போன் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவே (சுமார் 1.35 மடங்கு) வாங்குகிறது. அதாவது புள்ளி விழுகிற அ போன்தான் இங்கே பெரிய கேமரா.

அப்படியானால் ஏன் புள்ளி? நேரத்தைப் பாருங்கள். 1/25 என்பது 0.04 நொடி, 1/10 என்பது 0.1 நொடி. ஆ போன் இரண்டரை மடங்கு நேரம் திறந்து வைத்திருக்கிறது. 2.5-ஐ 1.35-ஆல் வகுத்தால், ஆ போனுக்கு மொத்தத்தில் 1.85 மடங்கு வெளிச்சம் போயிருக்கிறது.

வெளிச்சம் ஃபோட்டான் ஃபோட்டானாக, மழைத்துளி விழுகிறமாதிரி ஒழுங்கில்லாமல் விழும். ஒரு பிக்சலில் சராசரி 100 விழுந்தால் அதில் கூடுதல் குறைச்சல் 10 இருக்கும், அதாவது பத்து சதவீதம். 10,000 விழுந்தால் கூடுதல் குறைச்சல் 100, ஒரு சதவீதம்தான். வர்க்கமூலக் கணக்கு. கிரெயின், நாய்ஸ் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த ஒழுங்கின்மைதான். லென்ஸ் கெட்டதாலோ சென்சார் அழுக்கானதாலோ வருவதில்லை.

கணக்கு போடும்போது ஒரு எச்சரிக்கை: சில போன்கள் 24 மிமீ, 26 மிமீ என்று பழைய ஃபிலிம் அளவுக்குச் சமமான எண்ணைக் காட்டும். அதை எஃப் எண்ணால் வகுக்கக்கூடாது. 5.3, 4.7 மாதிரி சின்ன எண்தான் அசல்.

3. மின்மினி_ராசு

அப்போ 108 மெகாபிக்சல்ங்கறது பெட்டியில் ஒட்டுற ஸ்டிக்கர் மட்டும்தானா?

4. கருவிழி

வெயிலில் ஸ்டிக்கர் இல்லை, இருட்டில் கிட்டத்தட்ட ஸ்டிக்கர்தான். 108 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் 0.64 அல்லது 0.7 மைக்ரான். சாதாரண மோடில் ஒன்பது பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம் தருகிறது. சாம்சங் எஸ்24 அல்ட்ராவின் 200 மெகாபிக்சலும் அப்படித்தான், பதினாறு சேர்ந்து ஒன்று, படம் 12.5 மெகாபிக்சல்.

ஒன்பது பிக்சலும் ஒரே நிற வடிகட்டிக்குக் கீழே இருக்கும். முழு 108-இல் எடுக்கும்போது பக்கத்துப் பிக்சலின் நிறத்தை மென்பொருள் ஊகித்து நிரப்ப வேண்டும். தவிர, ஒவ்வொரு குட்டிப் பிக்சலைப் படிக்கும்போதும் மின்சுற்றின் சொந்த இரைச்சல் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பெரிய காரணம் இன்னொன்று: பல போன்களில் முழு மெகாபிக்சல் மோடில் பல படங்களை அடுக்கிச் சேர்க்கிற வேலை நின்றுவிடும். அந்த மோடு நண்பகலில் கோபுரம் எடுக்க. ட்யூப்லைட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

5. திருகாணி

கணக்கெல்லாம் சரிங்க, ஆனா துளை பெருசா இருந்தா படம் நல்லா வந்துருமா? உள்ள ஓடுற மென்பொருள் பாதி. ஒப்பிடறதுன்னா இப்படிச் செய்ங்க.

பொருளை முதல்ல சேருங்க. ஒரு வெள்ளைத் துண்டு (டர்க்கி டவல், நூல் எழும்பி நிக்கணும்), தேங்காய்நார் மிதியடி, ஒரு கறுப்புக் குடை, ஒரு செய்தித்தாள். எல்லாரும் செய்தித்தாளை மட்டும் வெச்சு ஒப்பிடறாங்க, அங்கதான் ஏமாறுறாங்க. கறுப்பு எழுத்து வெள்ளைத்தாள்னா விளிம்பு அழுத்தம். எவ்வளவு கடுமையா இழைச்சாலும் மென்பொருள் அதைத் தொடாது. துண்டோட நூல், நார், கன்னத்துத் தோல், இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு லேசான வித்தியாசம்தான். புள்ளின்னு நினைச்சு அதையும் சேர்த்துத் துடைச்சிடும். எழுத்து கத்தி மாதிரி இருக்கு, பக்கத்துல இருக்கற துண்டு சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்குன்னா அந்தப் போன் ரொம்ப இழைக்குதுன்னு அர்த்தம்.

அப்புறம்:

லென்ஸைத் துடைங்க. விரல் எண்ணெய் படிஞ்சா வெளிச்சம் பரவி கறுப்பு சாம்பலாகும், போன் அதைச் சரிக்கட்ட அழுத்தம் கூட்டும், அதோட புள்ளியும் கூடும்.

பியூட்டி, ஏஐ சீன், ஃபில்டர் எல்லாம் ஆஃப். பட்ஜெட் போன்ல பியூட்டி பின்கேமராவுலயும் ஆன்ல இருக்கும், நிறைய பேருக்குத் தெரியாது. தறிநாடா, மெழுகு முகத்துக்கு முதல்ல அங்க பாருங்க.

ரெண்டு போனும் ஒரே ஸ்டாண்டுல, ஒரே இடத்துல. ஸ்டாண்டு இல்லேன்னா புத்தக அடுக்கு போதும். டைமர் 3 நொடி. ஆளுக்கு அஞ்சு படம், அதுல நடுவாந்தரமானதை எடுங்க, சிறந்ததை இல்ல.

பார்க்கும்போது ரெண்டையும் ஒரே அகலத்துக்குச் சுருக்கி, கம்ப்யூட்டர்ல நூறு சதவீதத்துல வெச்சுப் பாருங்க. ஒரு படம் வெளிச்சமா, இன்னொண்ணு மங்கலா இருந்தா வெளிச்சத்தைச் சமன் பண்ணிட்டுப் பாருங்க. மங்கலான படத்துல புள்ளி இருட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

6. ஊதாக்கதிர்

திருகாணி விட்ட ஒன்று: ஐஎஸ்ஓ எண்ணை (வந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) வைத்து இரண்டு போனை ஒப்பிடக்கூடாது. ஐஎஸ்ஓ 800-இல் பெரிய சென்சாரும் சின்ன சென்சாரும் ஒன்றல்ல. ஷட்டர் நேரத்தைச் சமமாக வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எந்த லென்ஸில் எடுக்கிறீர்கள் என்று நீங்களே நம்பக்கூடாது. 3எக்ஸ் பட்டனை அழுத்திவிட்டு டெலி லென்ஸை (தூரத்தைக் கிட்டக் காட்டும் லென்ஸ்) விரலால் மூடுங்கள். திரை கறுக்கவில்லை என்றால், போன் மெயின் கேமராவின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது. வெளிச்சம் குறைந்தால் ஐபோன் உட்படப் பல போன்கள் இதைச் செய்யும். ஐபோனில் படத்தை மேலே தள்ளினால் எந்த லென்ஸ் என்பது எழுதியிருக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் இதே கதை உண்டு. ஐபோன் 13 ப்ரோ முதல் ப்ரோ மாடல்களில் பொருளுக்குக் கிட்டப் போனால் மேக்ரோவுக்காக (மிகக் கிட்ட எடுப்பதற்காக) அல்ட்ராவைடு என்கிற அகலக் காட்சி லென்ஸுக்குத் தானாக மாறும். கருவிழியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐபோன் 15 ப்ரோவில் மெயின் சுமார் 6.8 மிமீ, எஃப்/1.78, துளை 3.8 மிமீ. அல்ட்ராவைடு சுமார் 2.2 மிமீ, எஃப்/2.2, துளை வெறும் 1 மிமீ. பரப்பில் பதினான்கு மடங்கு வித்தியாசம். சாப்பாட்டுத் தட்டை இரவில் நெருங்கி எடுத்தால் ரவை கொட்டுவது இதனால்தான். செட்டிங்ஸில் கேமரா பகுதியில் 'மேக்ரோ கன்ட்ரோல்' ஆன் செய்தால் திரையில் பூ சின்னம் வரும். அதைத் தட்டி அணைத்து, ஒரு சாண் பின்னால் வந்து, 2எக்ஸில் எடுங்கள்.

7. தறிநாடா

பியூட்டி ஆ போனில் பாதி அளவில் ஆன் ஆகித்தான் இருந்தது! அணைத்ததும் புருவத்தில் மயிர் தெரிகிறது. ஆனால் சுவரில் இப்போ அதிலும் லேசாகப் புள்ளி. துண்டு சோதனையில் அ போன் தெளிவாக ஜெயிக்கிறது, நூல் நூலாகத் தெரிகிறது.

அ போனில் ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ 400-ஆக்கிப் பார்த்தேன், படம் இருட்டு. எடிட்டில் வெளிச்சம் ஏற்றினால் திரும்பவும் புள்ளி. ஐஎஸ்ஓ குறைத்தால் கிரெயின் போகும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்களே?

8. கருவிழி

அந்த ஒரு வரி எத்தனை பேரைக் கெடுத்ததோ. ஐஎஸ்ஓ என்பது வந்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்கிற எண். ஷட்டர் அப்படியே இருக்க ஐஎஸ்ஓவை மட்டும் குறைத்தால் உள்ளே வந்த ஃபோட்டான் அதேதான். பிறகு நீங்கள் ஏற்றும்போது அதே புள்ளி, பல சென்சாரில் இன்னும் கொஞ்சம் மோசமாக, வெளியே வரும். ஐஎஸ்ஓ குறைவதற்கு ஈடாக ஷட்டர் நேரம் கூட வேண்டும், அல்லது வெளிச்சம் கூட வேண்டும். வேறு வழியில்லை.

ஷட்டருக்கு ஒரு உள்ளூர் விதி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். மலிவான எல்இடி ட்யூப்பில் இந்தத் துடிப்பு பலமாக இருக்கும். அதனால் 1/100, 1/50, 1/25, 1/10 என்று வையுங்கள். 1/60, 1/125 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம்.

அசையாத பொருள், ஸ்டாண்டு இருக்கிறது என்றால் ஐஎஸ்ஓ 100, 1 நொடி. உட்கார்ந்து பேசுகிற பெரியவர்கள் 1/25-இல் தாங்குவார்கள். குழந்தைக்கு 1/50 குறைந்தபட்சம், ஓடினால் 1/100.

9. திருகாணி

வெளிச்சம் கூட்ட காசு வேண்டாம். குழந்தையை லைட்டுக்குக் கிட்ட உட்கார வைங்க. 3 மீட்டர்லேர்ந்து 1 மீட்டருக்கு வந்தா ஒன்பது மடங்கு வெளிச்சம், புள்ளி மூணுல ஒண்ணாயிடும்.

10. ஊதாக்கதிர்

குண்டு பல்புக்கு அது சரி. நாலடி ட்யூப்லைட் ஒரு புள்ளி அல்ல, ஒரு கோடு. 3-லிருந்து 1 மீட்டருக்கு வந்தால் ஏழு மடங்கைக் கொஞ்சம் தாண்டும். சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அவ்வளவாக மாறாது என்பதால் நடைமுறையில் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். 1-லிருந்து அரை மீட்டருக்குப் போனால் நாலு மடங்கு இல்லை, மூன்றுக்கும் கீழே. அதனால் ஒரு மீட்டருக்கு மேல் நெருங்கிப் பிரயோஜனம் குறைவு, நிழலும் கடுமையாகும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டால் முகத்தின் இருண்ட பாதி எழும்பும். நிறத்திட்டு முதலில் வருவதே அந்த இருண்ட பாதியில்தான்.

11. மின்மினி_ராசு

நைட் மோடு போட்டா முடிஞ்சுதே, இவ்வளவு எதுக்கு?

12. கருவிழி

நைட் மோடு மந்திரமில்லை, அதே வர்க்கமூலக் கணக்கு. நாலு படத்தைச் சராசரி எடுத்தால் புள்ளி பாதி, ஒன்பது படம் என்றால் மூன்றில் ஒன்று, பதினாறு என்றால் கால். கூகுள் 2018-இல் பிக்சலில் கொண்டுவந்த நைட் சைட், கையில் பிடித்திருந்தால் 15 படம் வரை எடுத்து அடுக்கும். ஆட்டமே இல்லாமல் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் 1 நொடி வரை நீளும் ஆறு படம்.

சிக்கல் அசைகிற இடத்தில். குழந்தை கையை ஆட்டினால், அந்தக் கை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். மென்பொருள் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒன்றிரண்டு படத்தையே பயன்படுத்தும். விளைவு: சுவர் பளிங்கு, குழந்தை கை ரவை. ஒரே படத்தில் திட்டுத் திட்டாகப் புள்ளி தெரிந்தால் காரணம் இது.

தறிநாடா கவனிக்க வேண்டிய இன்னொன்று: பல போன்களில் ப்ரோ மோடில் இந்த அடுக்கல் கிடையாது, ஒரே படம்தான். அதனால் அசையாத காட்சியில் ஆட்டோ மோடு ப்ரோ மோடை ஜெயிக்கும். அதைப் பார்த்து ப்ரோ மோடு பழுது என்று நினைக்காதீர்கள்.

13. திருகாணி

கம்பெனி கேமரா ஆப் இழைச்சே கொல்லுதுன்னா 'ஓப்பன் கேமரா' போடுங்க, இலவசம். செட்டிங்ஸ்ல கேமரா ஏபிஐ-ன்னு இருக்கும், அதை 'கேமரா2'-க்கு மாத்துங்க. அதுக்கப்புறம்தான் ரா படம் (போன் இழைக்காத மூலப் படம்), 'என்ஆர்' மோடு, நாய்ஸ் குறைப்பு அளவு எல்லாம் வெளிய வரும். வரலேன்னா உங்க போன் கம்பெனி கதவைப் பூட்டி வெச்சிருக்கு, விட்டுருங்க. 'என்ஆர்' மோடுல தொடர்ந்து சில படம் எடுத்து அதுவே அடுக்கும்.

கையால அடுக்கணும்னா: ஸ்டாண்டுல அசையாம நாலு படம். கம்ப்யூட்டர்ல கிம்ப் திறந்து நாலையும் லேயரா ஏத்துங்க. 'ப்ரிசிஷன்' 32 பிட்டுக்கு மாத்துங்க, இல்லாட்டி வானத்துல படிக்கட்டு விழும். அடி லேயர் ஒப்பாசிட்டி 100, அதுக்கு மேல 50, அதுக்கு மேல 33.3, உச்சியில 25. எல்லாத்துக்கும் 25 வெச்சா சராசரி வராது, அடிப்படம் தூக்கலா நிக்கும். இதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க.

14. நெகட்டிவ்பெட்டி

ஏற்கனவே எடுத்துவிட்ட படத்துக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

ரா படமாக இருந்தால் லைட்ரூம் மொபைல். 'டீடெயில்' பகுதியில் முதலில் கலர் நாய்ஸ் ரிடக்‌ஷன். ரா படத்துக்கு 25-இல் நிற்கும், திட்டு போகிறவரை 40, 50 கூட ஏற்றலாம். கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை, அதனால் நஷ்டம் தெரியாது. அதிகம் போனால் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் கசியும், அங்கே நிறுத்துங்கள். அடுத்தது வெறும் நாய்ஸ் ரிடக்‌ஷன், 20 முதல் 35. ஐம்பதைத் தாண்டினால் திரும்ப மெழுகுதான். ஷார்ப்பனிங் வேண்டுமென்றால் மாஸ்க்கிங்கை (கூர்மையை விளிம்போடு நிறுத்தும் அளவு) 70-க்கு ஏற்றிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் துடைத்த புள்ளியை நீங்களே கூர் தீட்டுவீர்கள். ஷேடோஸை (இருண்ட பகுதியின் வெளிச்சம்) 80, 100 என்று தூக்காதீர்கள்.

ஜேபெக் என்றால் போன் ஏற்கனவே ஒருமுறை இழைத்துவிட்டது. மறுபடி இழைத்தால் கூழ். அதற்கு என் வைத்தியம் தலைகீழ்: 'எஃபெக்ட்ஸ்' பகுதியில் கிரெயினை 10 முதல் 15 வரை சேர்ப்பது. பளிங்குச் சுவரும் ரவைக் கையுமாக இருக்கிற படம் முழுக்க ஒரே சீராகிவிடும். திட்டுத் திட்டான சுத்தத்தைவிடச் சீரான புள்ளி கண்ணுக்கு இதம்.

ஸ்னாப்சீடில் நாய்ஸ் குறைக்கத் தனிக் கருவி இல்லை. 'ஸ்ட்ரக்சர்' கொஞ்சம் மைனஸில் வைக்கலாம், அவ்வளவுதான். அதிலுள்ள எச்டிஆர் ஸ்கேப் பக்கம் போனால் ஒளிந்திருந்த புள்ளியெல்லாம் எழுந்து நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: படம் எங்கே போகப்போகிறது? 4×6 அங்குல பிரிண்டுக்கு 300 டிபிஐ என்றால் 1200×1800 பிக்சல், இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 12 மெகாபிக்சலை அதற்குச் சுருக்கினால் ஐந்தாறு பிக்சல் சேர்ந்து ஒன்றாகும், புள்ளி தானாகவே பாதிக்கும் கீழே இறங்கும். நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்துப் பயந்து துடைத்த படங்கள்தான் பிரிண்டில் பிளாஸ்டிக்காக வருகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எச்டி தேர்வு செய்யுங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள். புள்ளி உள்ள படத்தை அது நசுக்கும்போது புள்ளியெல்லாம் கட்டம் கட்டமாக மாறும்.

15. மின்மினி_ராசு

பேசாம ஒரு இஞ்ச் சென்சார் போன் வாங்கிடலாம்.

16. ஊதாக்கதிர்

தாராளமாக. ஆனால் அந்த 'ஒரு இஞ்ச்' 25.4 மிமீ இல்லை. சென்சார் 13.2×8.8 மிமீ, மூலைக்கு மூலை சுமார் 16 மிமீ. பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்து வந்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்சார் அளவு என்று போடுகிற 1/1.28, 1/1.95 எல்லாமே அந்தக் கணக்கில்தான். பின்னத்தின் கீழ் எண் சின்னதாக இருந்தால் சென்சார் பெரிது. பெரிய சென்சாரில் கிட்ட எடுக்கும்போது தட்டின் முன்விளிம்பு தெளிவாகவும் பின்விளிம்பு மங்கலாகவும் போகும். ஷாவ்மி 14 அல்ட்ராவில் துளையை எஃப்/1.63-லிருந்து எஃப்/4 வரை சுருக்கும் வசதி வைத்தது அந்தத் தொல்லைக்கும் சேர்த்துத்தான். சுருக்கினால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு, புள்ளி திரும்ப வரும்.

17. தறிநாடா

குழந்தையை லைட்டுக்கு ஒரு மீட்டரில், ஜன்னல் பக்கம் முகம் திருப்பி, எதிரே வேட்டி கட்டி எடுத்தேன். அ போன், ஆட்டோ மோடு: 1/50, ஐஎஸ்ஓ 800. முன்னால் 1/25-இல் 2500 காட்டியது. சுவரில் ரவை உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிறது, திட்டு இல்லை. ஆ போனை அம்மாவுக்குக் கொடுத்தாச்சு.

கடைசியாக ஒன்று. அதே இடத்தில் வீடியோ எடுத்தால் மட்டும் சுவரில் எறும்பு ஊர்கிறமாதிரி புள்ளி நெளிகிறதே?

18. கருவிழி

வீடியோவில் நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 1/30 நொடிதான் கிடைக்கும், 60 படம் என்றால் 1/60. நீட்ட இடமில்லை, நிதானமாக அடுக்கவும் நேரமில்லை. ஒவ்வொரு படத்திலும் புள்ளி இடம் மாறுவதால் எறும்பு ஊர்கிறது. 60-இல் இருந்தால் 30-க்கு இறக்குங்கள், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் இரட்டிக்கும். போனில் 25 இருந்தால் இன்னும் நல்லது, ஷட்டர் 1/50-இல் நிற்கும், ட்யூப்லைட் துடிப்பும் தெரியாது. ஐபோனில் 'ரெக்கார்ட் வீடியோ' பகுதியில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' ஆன் செய்தால் 25 வரும். ஆண்ட்ராய்டில் ப்ரோ வீடியோ இருந்தால் அங்கே தேடுங்கள். எடுக்கும்போது 1எக்ஸ் தாண்டி ஜூம் போகாதீர்கள், நடந்து கிட்டப் போங்கள்.